ஸ்லாக்: வெவ்வேறு நேரங்களில் விழித்திருக்கும் குழுவுக்கு ஏற்ற கருவிதானா?

வெவ்வேறு நேர மண்டலங்களில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு குழுவுக்கான மென்பொருளை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். மற்றவர்கள் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேலையைத் தொடங்கும் ஒருவர், யாரையும் எழுப்பாமலும் யாருடைய பதிலுக்கும் காத்துக் கிடக்காமலும், அன்றைய வேலையை முழுமையாகச் செய்து முடிக்க அந்த மென்பொருள் வழி செய்கிறதா என்பதே அது. மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. நாள் முழுவதும் ஸ்லாக் என்ற பணியிட அரட்டைச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, முகம் பார்த்தறியாத சக ஊழியர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் நான், இந்த மதிப்புரையையும் அந்தக் கேள்வியை முன்னிறுத்தியே எழுதுகிறேன்.

ஸ்லாக் உருவானதே அப்படிப் பிரிந்து கிடந்த ஒரு குழுவின் தேவையிலிருந்துதான். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கூட்டாளிகளும் டைனி ஸ்பெக் என்ற நிறுவனத்தில் கிளிட்ச் என்ற இணைய விளையாட்டைச் செய்துகொண்டிருந்தபோது, அவர்களுடைய ஆட்கள் வான்கூவர், சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் என்று மூன்று நகரங்களில் இருந்தார்கள். 1988-இல் தோன்றிய ஐஆர்சி என்ற பழைய அரட்டை முறையில்தான் பேசிக்கொண்டார்கள். ஐஆர்சியில் ஒருவர் இணைப்பில் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் பேசியது அவருக்கு வந்து சேராது. எனவே பேச்சைச் சேமிக்கவும் அதற்குள் தேடவும் தங்களுக்கென்று சிறு சிறு கருவிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். விளையாட்டு 2012 இறுதியில் மூடப்பட்டது. அந்தக் கருவிகளின் அனுபவத்திலிருந்து எழுந்த ஸ்லாக் 2013 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, 2014 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது, ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தவர்களின் எண்ணிக்கை அந்த மாதம் 10-ஆம் தேதி ஒரு கோடியாகவும், 25-ஆம் தேதி ஒன்றேகால் கோடியாகவும் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் இதை ஏறத்தாழ 2,770 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது.

ஸ்லாக்கின் அடிப்படை அலகு சேனல். ஒரு திட்டத்துக்கோ, ஒரு துறைக்கோ, ஒரு வாடிக்கையாளருக்கோ ஒரு சேனல் என்று வைத்துக்கொள்ளலாம். அது பொதுச் சேனலாக இருந்தால், நிறுவனத்தில் எவரும் அதற்குள் நுழைந்து, தாம் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்த பேச்சையும் முதலிலிருந்து படிக்கலாம். மின்னஞ்சலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மின்னஞ்சலில் யார் படிக்க வேண்டும் என்பதை அனுப்புகிறவர் அனுப்பும்போதே முடிவு செய்துவிடுகிறார். நாளை வந்து சேரப்போகிறவருக்கு அந்தக் கடிதத்தில் இடமில்லை. பொதுச் சேனலில் எழுதுகிறவர், யார் படிப்பார் என்று தெரியாமலேயே, தேவைப்படுகிறவர் எவரும் படிக்கட்டும் என்று எழுதுகிறார். ஒரு நிறுவனத்தில் எவருக்கு என்ன தெரிந்திருக்கலாம் என்ற கேள்விக்கான பதிலையே இது மாற்றிவிடுகிறது. மேலாளரின் அறைக்கு அருகே உட்கார்ந்தவருக்கும், தேநீர் இடைவேளையில் அவரோடு நடந்து போனவருக்கும் மட்டும் கிடைத்துவந்த செய்தி, பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் புதியவருக்கும் அதே அளவில் கிடைக்கிறது.

எங்கள் குழுவில் அடிக்கடி நடப்பதை வைத்து இதைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாராந்தர விற்பனை அறிக்கையைப் பார்க்கிறார். ரத்தான ஆர்டர்கள் ஏன் மொத்தத்தில் சேரவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. அறிக்கையை எழுதியவர் வேறு கண்டத்தில் உறங்கிக்கொண்டிருக்கிறார். புதியவர் தேடுபெட்டியில் இரண்டு சொற்களை இடுகிறார். எந்தச் சேனல், எந்தத் தேதிக்கு முன் என்று சுருக்குகிறார். பழைய த்ரெட் ஒன்று, அதாவது ஒரு செய்திக்குக் கீழே கிளையாக நீளும் பேச்சு, கிடைக்கிறது. முதல் வரியில் இதே கேள்வியை வேறொருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் பிரிவைச் சேர்ந்தவர் இரண்டு காரணங்களைச் சொல்லி ஒரு திரைப்பிடிப்பையும் ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே ஒருவர், இப்படிச் செய்தால் பருவகால வேறுபாடு மறைந்துவிடும் என்று மறுத்திருக்கிறார். அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டும், இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும், அடுத்த காலாண்டில் மாற்றுவோம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். கடைசி வரியின் கீழே ஒரு பச்சை டிக் குறி. புதியவருக்குக் கிடைத்தது விடை மட்டுமல்ல. அந்த விடையில் எந்த இடம் பலவீனமானது, அதை யாரிடம் பேச வேண்டும், மாற்றுவதற்கான காலம் வந்துவிட்டதா என்பதெல்லாம் சேர்ந்து கிடைத்தன. எந்த மீட்டிங்கின் குறிப்பேட்டிலும் அந்த மறுப்பு இடம்பெற்றிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன், ஏனெனில் மீட்டிங் குறிப்புகளில் முடிவுகளைத்தான் எழுதுவார்களே தவிர, முடிவுக்கு வந்த வழியை எழுதுவதில்லை.

இந்தப் பயன் பேச்சு பொதுச் சேனலில் நடந்தால் மட்டுமே கிடைக்கும் என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். அதே ஸ்லாக்கில் இருவருக்கிடையே தனிச் செய்தி உண்டு, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் காணும் தனிச் சேனல் உண்டு, நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளும் குழுச் செய்தியும் உண்டு. மனித இயல்பு இவற்றின் பக்கமே சாய்கிறது. பலர் முன்னால் அரைகுறையான கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தெரிந்த ஒருவரிடம் தனியாகக் கேட்பது எளிதாக இருக்கிறது. அப்படி எல்லாரும் தனித்தனியே கேட்கத் தொடங்கினால், ஒரே கேள்விக்கு ஒரே ஆள் பலமுறை பதில் சொல்லிக் களைத்துப்போவார், எழுதிய பதில்களில் ஒன்றுகூட அடுத்தவருக்குப் பயன்படாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் 2020-ஆம் ஆண்டு முதல் பாதித் தகவல்தொடர்புத் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்டு, 2021-இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வெளிவந்த ஆய்வு, நிறுவனம் முழுவதும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது ஒரே குழுவுக்குள் தொடர்புகள் இறுகின என்றும், குழுக்களுக்கிடையேயான பாலங்கள் குறைந்தன என்றும், மின்னஞ்சலும் உடனடிச் செய்திகளும் கூடின என்றும் கண்டது. செய்திகள் பெருகியதால் மட்டும் பாலங்கள் பெருகிவிடவில்லை. ஸ்லாக்கோ வேறு எந்தக் கருவியோ வாங்கிவிட்டால் தொலைநிலைப் பணி சீராகிவிடும் என்று நம்புகிற நிர்வாகங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மூத்தவர்கள் தங்கள் தயக்கங்களையும் தெரியாத விஷயங்களையும் பொதுச் சேனலில் எழுதிக் காட்டினால்தான் இளையவர்கள் அங்கே வாய் திறப்பார்கள். அதை எந்த மென்பொருள் அமைப்பும் செய்துகொடுக்க முடியாது.

த்ரெட் வசதி 2017 ஜனவரியில் வந்தது. ஒரு செய்திக்குக் கீழே தனிக் கிளையாகப் பேச்சு நகர்வதால் சேனல் நெரிசலாகாமல் இருக்கிறது. கிளைக்குள் எடுத்த முடிவைச் சேனலிலும் காட்ட, பதில் எழுதும் பெட்டியின் கீழே ஒரு சிறு கட்டம் இருக்கிறது. முடிவு எழுதும்போது அதை டிக் செய்யும் பழக்கத்தை எங்கள் குழுவில் எல்லோரிடமும் வற்புறுத்தியிருக்கிறோம். அது இல்லாவிட்டால் முக்கியமான முடிவுகள் கிளைக்குள்ளேயே புதைந்துபோகும்.

அடுத்தது, நேரத்தை இந்தக் கருவி எப்படி மதிக்கிறது என்பது. இதில் ஸ்லாக் இரண்டு முகம் காட்டுகிறது. ஒரு பக்கம், வடிவமைத்தவர்கள் உண்மையான அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஒரு பெரிய சேனலில் எல்லோரையும் அழைக்கும் குறியிட்டு அனுப்பப் போனால், இத்தனை பேருக்கு, இத்தனை நேர மண்டலங்களில் அறிவிப்பு போகப்போகிறது, அனுப்பலாமா என்று அது கேட்கும். வேறு நேரத்தில் வாழும் ஒருவருக்குத் தனிச் செய்தி எழுத உட்கார்ந்தால், அவருடைய ஊரில் இப்போது இத்தனை மணி என்று எழுதும் பெட்டிக்கு அருகே காட்டும். அவர் அறிவிப்புகளை நிறுத்தி வைத்திருந்தால் அதையும் சொல்லும். எழுதியதை அவருடைய காலை நேரத்துக்கு அனுப்புமாறு குறித்து வைக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. செய்தியைப் படித்துவிட்டாரா இல்லையா என்று காட்டும் குறியை ஸ்லாக் வைக்கவே இல்லை. அது வெறும் விடுபடல் அல்ல. படித்தவுடன் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியைப் பிற செயலிகளில் அந்த நீலக் குறிகள் எப்படி உண்டாக்கின என்பதை அறிந்தவர்கள், அது இல்லாததன் மதிப்பை உணர்வார்கள்.

மறு பக்கம், பெயருக்கு அருகே அந்தப் பச்சைப் புள்ளி. விசைப்பலகை சிறிது நேரம் அசையாவிட்டால் அது வெறும் வளையமாகிவிடும். கணினியில் கை இருக்கிறதா என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆனால் வேலை நடக்கிறதா என்பதைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ளும் மேலாளர்கள் இருக்கிறார்கள். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், யாருடைய புள்ளி எத்தனை மணிக்குப் பச்சையானது என்று குறித்து வைத்துக்கொள்ளும் மேலாளர் ஒருவர் இருந்தார். அங்கே ஆட்கள் காகிதத்தில் யோசிப்பதை நிறுத்தினார்கள், நீண்ட ஆவணத்தை அச்செடுத்து ஆழ்ந்து படிப்பதை நிறுத்தினார்கள், நடந்துகொண்டே சிக்கலை அவிழ்ப்பதையும் நிறுத்தினார்கள். மவுஸைத் தானே அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகளை வாங்கினார்கள். வேலையின் தரம் வீழ்ந்ததற்கு அந்தப் புள்ளி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்காணிக்க நினைத்தவருக்கு அது ஆயத்தமாகக் கையில் கிடைத்தது.

கண் முன்னால் இல்லாதவர் வேலை செய்யவில்லை என்ற ஐயம் தரவுகளோடு ஒத்துப்போகவில்லை. ட்ரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் செய்து, 2024-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் வேலையை விட்டுச் செல்வது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பணி மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ வேறுபாடு தென்படவில்லை. தொடக்கத்தில் உற்பத்தித்திறன் குறையும் என்று எண்ணிய மேலாளர்களே, பரிசோதனை முடிந்தபோது கருத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் புள்ளியை ஒவ்வொருவரும் கைமுறையாக அணைத்து வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் தொடக்க அமைப்பே அணைந்ததாக இருந்திருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து, ஏனெனில் தொடக்க அமைப்பை மாற்றுகிறவர் தன்னை ஏதோ மறைக்கிறவராகக் காட்டிக்கொள்ள நேர்கிறது.

வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை சில நாடுகளில் சட்டமாகவே வந்துவிட்டது. பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் இதுபற்றித் தொழிலாளர் தரப்போடு பேச்சு நடத்த வேண்டும். போர்ச்சுகலில் 2022 தொடக்கத்திலிருந்து, தவிர்க்க முடியாத சூழல்கள் நீங்கலாக, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்தியைப் பார்க்கவோ பதில் சொல்லவோ ஊழியர் மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை. ஸ்லாக்கின் அறிவிப்பு அட்டவணையை நிர்வாகிகள் முழுப் பணியிடத்துக்கும் முன்கூட்டியே அமைத்து வைக்கலாம். புதிய குழுவைத் தொடங்கும் எவரும் முதல் நாளிலேயே செய்ய வேண்டியது அதுதான். சட்டம் இருக்கும் நாட்டில் மட்டும் செய்தால் போதாது, இல்லாத நாட்டிலும் செய்ய வேண்டும்.

ஹடில் என்ற குரல் உரையாடல் 2021 ஜூனில் வந்தது. ஒரு பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கிவிடலாம். நேரம் குறித்து அழைப்பு அனுப்பத் தேவையில்லை. சிக்கலான பிழையை இருவர் சேர்ந்து அவிழ்க்கையில் அருமையாக உதவுகிறது. ஆனால் பேசி முடித்ததும் என்ன முடிவாயிற்று என்று யாராவது நாலு வரி எழுதாவிட்டால், உறங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பேச்சு நடக்காததற்குச் சமம்.

இனி, இந்தப் பதிவேடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. ஸ்லாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொடாமல் கடந்துவிடும் இடம் இது. எனக்கு இதுவே மிகவும் முக்கியமாகப் படுகிறது. இலவசத் திட்டத்தில் முன்பு கடைசி 10,000 செய்திகள்வரை படிக்கலாம் என்று இருந்தது. 2022 செப்டம்பரில் அது கடைசி 90 நாட்கள் என்று மாறியது. 2024 ஆகஸ்டிலிருந்து, இலவசத் திட்டத்தில் ஓராண்டுக்கு மேற்பட்ட செய்திகளும் கோப்புகளும் அழிக்கப்படுகின்றன. பிற்பாடு கட்டணம் செலுத்தினாலும் அழிந்தவை திரும்பாது. தன்னார்வக் குழுக்களும் சிறிய கூட்டு முயற்சிகளும் இதில்தான் பெரிதும் இழந்தன. ஐந்தாண்டு உழைப்பின் காரணகாரியங்களைச் சேனல்களில் எழுதி வைத்த ஒரு குழு, அதை வேறு இடத்தில் பாதுகாத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் உணர முடியும். நினைவாற்றலே இந்தக் கருவியின் உயிர் என்னும்போது, நினைவை வெட்டிக் குறுக்கிய இலவசத் திட்டத்தை முன்னோட்டமாகக் கொள்ளலாமே ஒழிய, குழுவின் நிலையான இருப்பிடமாகக் கொள்ளக் கூடாது.

கட்டணம் செலுத்தும் நிறுவனத்தில் நிலைமை வேறு. அங்கே செய்திகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது. 2018-இல் செய்யப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு, உயர்நிலைத் திட்டங்களில், சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள், நிர்வாகம் விண்ணப்பித்துத் தனிச் செய்திகள் உட்பட அனைத்தையும் ஏற்றுமதி செய்யலாம். அப்படிச் செய்யும்போது உறுப்பினருக்கு ஸ்லாக் தானாகத் தகவல் சொல்வதில்லை. பூட்டுப் படம் போட்ட சேனலுக்குள் பேசுகிறோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். அந்தப் பூட்டு சக ஊழியருக்கு எதிரானது. நிறுவனத்துக்கு எதிரானது அல்ல. அலுவலக வளாகத்தில் இருவர் நடந்துகொண்டே பேசியது காற்றோடு போய்விட்டது. வேலை தொலைநிலைக்கு மாறியபோது அந்தப் பேச்சும் எழுத்தானது, எழுத்தானதும் நிறுவனத்தின் உடைமையானது. சம்பளத்தில் குறை, மேலாளரோடு மனத்தாங்கல், வேறு வேலை தேடும் எண்ணம், தொழிற்சங்கம் பற்றிய பேச்சு ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் ஸ்லாக் ஏற்ற இடமே அல்ல. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நேரடியாகச் சொல்லிவிடுவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று கருதுகிறேன். சொல்லாமல் விடுவது நம்பிக்கைத் துரோகம்.

2024 முதல் செயற்கை நுண்ணறிவு கொண்டு சேனல்களையும் த்ரெட்டுகளையும் சுருக்கித் தரும் வசதியும் சேர்ந்திருக்கிறது. விடுப்பு முடிந்து வருகிறவருக்கு எங்கே கவனம் செலுத்துவது என்று காட்ட அது பயன்படும். ஆனால் மேலே சொன்ன விற்பனை அறிக்கையின் த்ரெட்டை நினைத்துப் பாருங்கள். எந்தச் சுருக்கத்திலும் முதலில் உதிர்வது ஒருவர் எழுப்பிய தயக்கம்தான். ஆகவே முடிவெடுக்கும் முன் மூலத்தைத் திறந்து படித்துவிடுவதே என் வழக்கம்.

மாற்றுகளைப் பொறுத்தவரை, மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஏற்கெனவே ஆஃபீஸ் தொகுப்போடு வந்துவிடுவதால் பல நிறுவனங்களில் தேர்வு என்ற பேச்சே எழுவதில்லை. அப்படித் தொகுத்து விற்பது நியாயமல்ல என்று 2020 ஜூலையில் ஸ்லாக் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. டீம்ஸ் இல்லாத தொகுப்புகளைக் குறைந்த விலையில் தருவதாக மைக்ரோசாஃப்ட் அளித்த உறுதிமொழிகளை 2025 செப்டம்பரில் ஆணையம் ஏற்றது. ஆவணங்களும் காணொளிச் சந்திப்புகளுமே வேலையின் மையம் என்றால் டீம்ஸ் போதும். நான் தொடக்கத்தில் வைத்த அளவுகோலுக்கு ஸ்லாக்கைவிடவும் நெருங்கி வருவது ஜூலிப். 2015-இல் திறந்தமூலமாக்கப்பட்ட அந்த மென்பொருளில் சேனலில் எழுதும் செய்திகள் தலைப்புகளாகப் பிரிந்து நிற்பதால், எட்டு மணி நேரம் கழித்து வருகிறவர் தனக்கு வேண்டிய தலைப்பை மட்டும் எடுத்துப் படித்து, அதிலேயே பேச்சைத் தொடரலாம். தோற்றத்தில் ஸ்லாக்கின் மெருகு அதற்கு இல்லை, பழகிக்கொள்ளவும் சில நாட்கள் பிடிக்கும். ஆனால் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொண்டால் பேச்சின் வரலாறு குழுவின் கையிலேயே இருக்கும். மேட்டர்மோஸ்ட் என்ற இன்னொரு அரட்டை மென்பொருளையும் அவ்வாறு சொந்தச் சர்வரில் நிறுவலாம், அதன் முகப்பு ஸ்லாக்குக்கு நெருக்கமானது.

கட்டணம் செலுத்த முடிந்த, வெளி நிறுவனங்களோடும் நாள்தோறும் பேச வேண்டியிருக்கிற குழுவுக்கு நான் ஸ்லாக்கையே பரிந்துரைப்பேன், ஏனெனில் இரு நிறுவனங்கள் ஒரே சேனலைப் பகிர்ந்துகொள்ளும் அதன் கனெக்ட் வசதி நடைமுறையில் பெரிதும் உதவுகிறது. அறிவிப்பு நேரத்தை முதல் நாளே பூட்டி வையுங்கள்; தனிச் சேனல் தொடங்குவதற்கு ஒரு காரணம் கேளுங்கள்; முடிவான விஷயங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது தனி ஆவணமாக வெளியே எடுத்து வையுங்கள். பணம் இல்லாத தன்னார்வக் குழு என்றால் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் தொடங்க வேண்டாம். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் ஜூலிப்பிலேயே தொடங்குங்கள்.